புலிராஜா ஒன்றாம் எண்ணான கதை

ஒரு காட்டில், மற்றக் காடுகளைப் போலவே, ஒரு ராஜா இருந்தது. மற்றக் காடுகளில் இல்லாதபடி ஒரு ரவுட்டரும் இருந்தது. ராஜா ஒரு புலி. பெயர் வேங்கையப்பர். பகலெல்லாம் குகையில் படுத்திருக்கும். ரவுட்டர் ஒரு வெள்ளை டப்பா. மருத மரத்துக் கிளையில், சோலார் பலகைக்குக் கீழே, பச்சை விளக்கு மினுங்கத் தொங்கிக்கொண்டிருக்கும். இந்த இரண்டில் எது படுத்தால் காடு அதிகம் கஷ்டப்படும் என்று யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

ரவுட்டர் வந்ததே தண்ணீருக்காகத்தான். கோடையில் அந்தக் காட்டு ஓடை வற்றிப்போகும். அதனால் மனிதர்கள் வந்து பாறை ஓரமாக ஒரு சிமெண்ட் தொட்டி கட்டினார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கச் சரிவில் போர் போட்டு, மோட்டார் இறக்கி, குழாய் இழுத்தார்கள். மோட்டாருக்கு ஒரு அறை கட்டிப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போனார்கள். செய்தவர்கள் மனிதர்கள் என்பதால் தொட்டிப் பக்கம் ஒரு சுவிட்ச் வைக்கவில்லை. ஆப் வைத்தார்கள்.

தொட்டி வற்றினால் செல்போனில் அந்த ஆப்பைத் திறந்து பட்டனைத் தட்ட வேண்டும். தட்டியது ரவுட்டர் வழியாகக் காட்டை விட்டு வெளியேறி, கடல் தாண்டி எங்கோ இருக்கிற ஒரு கம்பெனி கம்ப்யூட்டருக்குப் போகும். அந்தக் கம்ப்யூட்டர் சம்மதித்து, அந்தச் சம்மதம் அதே ரவுட்டர் வழியாகத் திரும்பி வந்து, மோட்டாரை ஓடச் சொல்லும். மோட்டார் இருந்தது தொட்டியிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில்.

செல்போன்களுக்குப் பஞ்சமில்லை. மலை பார்க்க வந்தவர்களிடமிருந்து குரங்குகள் வாங்கிக் கொடுத்திருந்தன. வந்தவர்களைக் கேட்டால் வேறு வார்த்தை சொல்வார்கள்.

ரவுட்டரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதன் முதுகில் ரீசெட் பொத்தான் ஒரு ஊசித் துளைக்குள் ஒளிந்திருந்தது. யானையின் தும்பிக்கை நுழையவில்லை. கிளியின் மூக்கும் நுழையவில்லை. முள்ளம்பன்றி மரகதம் தன் முள் ஒன்றை உருவி உள்ளே விட்டது. நுழைந்தது. நேர்முகத் தேர்வு அத்தோடு முடிந்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு மரகதம் வேலையைக் கற்றுக்கொண்டது. அரசாங்கத்தில் சேர்ந்த பிறகும் கற்றுக்கொண்ட ஒரே பிராணி என்று அதைப் பற்றிக் கொஞ்சம் கேலியாகப் பேசுவார்கள்.

அந்த வருடக் கோடை சீக்கிரமே வந்துவிட்டது. ராஜா சபையைக் கூட்டியது. தொட்டியருகே யாரும் யாரையும் தின்னக் கூடாது என்ற கோடைச் சட்டத்தை மந்திரி நரி ஏகாம்பரம் படித்தது. மற்ற இடங்களைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. மான்கள் அதைக் கவனித்தன. ஆனால் கேட்கவில்லை.

சபை கலையும் நேரத்தில் கருமந்தி சடையன் தன் போனைத் தூக்கிக் காட்டியது.

"இதுல புதுசா ஒரு ஆப் போட்டிருக்கேன். நம்ம வைஃபைல இருக்கிற எல்லார் நம்பரும் தெரியுது. நம்ம காட்டுக்கு 192.168.0. அது எல்லாருக்கும் பொது. கடைசி நம்பர்தான் ஆளுக்கு ஆள் மாறும். திருமேனி அண்ணன் முப்பத்திநாலு."

யானை திருமேனி தலையாட்டியது. முப்பத்திநாலு நல்லதா கெட்டதா என்று அதற்குத் தெரியவில்லை.

"காட்டு முயல் ஏழு."

முயல் நிமிர்ந்து உட்கார்ந்தது. அதுவரை எதிலுமே அது ஏழாவதாக வந்ததில்லை.

"நான்?" என்று கேட்டது ராஜா.

சடையன் போனைப் பார்த்தது. ஏன் பார்த்தோம் என்று நினைத்தது.

"நாப்பத்தியேழுங்க, மகாராஜா."

முயல் மெல்லக் குனிந்து புல்லை மேயத் தொடங்கியது. அங்கே புல்லே இல்லை.

"ரெண்டுலயும் ஏழு வருதுங்க" என்றது சடையன், ஆறுதலாக.

ராஜா அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "ஒண்ணு யாரு?" என்றது.

எல்லோரும் மரகதத்தைப் பார்த்தார்கள்.

"ரவுட்டர்ங்க" என்றது மரகதம்.

"அந்த டப்பாவா?"

"ஆமாங்க. ஆனா இது வரிசை இல்லீங்க, மகாராஜா. வீட்டுக் கதவு நம்பர் மாதிரி. யார் முதல்ல போனை ஆன் பண்றாங்களோ அவங்களுக்குக் காலியா இருக்கிற நம்பரை ரவுட்டரே எடுத்துக் குடுத்துடும். முயல் விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சிடுது. நீங்க…"

"நான்?"

"நீங்க நிதானமா எந்திரிப்பீங்க."

"எனக்கு ஒண்ணு வேணும்" என்றது ராஜா.

மரகதம் உண்மையைச் சொன்னது. பழைய கதைகளைக் கேட்டு வளர்ந்த பிராணி அது. ராஜாவிடம் உண்மையைச் சொன்னால் ராஜா முதலில் கோபப்பட்டு, பிறகு யோசித்து, கடைசியில் பரிசு கொடுக்கும் என்று நம்பியிருந்தது.

"அது முடியாதுங்க. ரவுட்டர்தான் நம்ம காட்டுக்கு வாசல். வெளியே போறதெல்லாம் ஒண்ணாம் நம்பர் வழியாப் போகணும்னு எல்லாப் போனுக்கும் தெரியும். மோட்டார்லயும் அப்படித்தான் போட்டு வெச்சிருக்காங்க. அதே நம்பரை நீங்களும் வெச்சுக்கிட்டா, பாதி ரவுட்டருக்குப் போகும். பாதி உங்ககிட்ட வந்து நின்னுடும்."

"எங்கிட்ட வந்தா என்ன?"

"உங்ககிட்ட வந்தது திரும்ப வெளியே போகாதுங்க."

"எங்கிட்ட வந்தது எதுவுமே வெளியே போனதில்ல" என்றது ராஜா. "அதுல என்ன தப்பு?"

மான்கள் மறுபடி கவனித்தன. மறுபடியும் எதுவும் கேட்கவில்லை.

ராஜா எழுந்து குகைக்குப் போனது. நரி ஏகாம்பரம் பின்னாலேயே போனது. போகும்போது மரகதத்தின் பக்கம் திரும்பி, "ராஜாகிட்ட முடியாதுன்னு சொன்ன முதல் ஆள் நீதான். கடைசி ஆளாவும் இருந்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனது.

அன்று மத்தியானம் குகையில் நரி ராஜாவின் போனை வாங்கிப் பார்த்தது. அதற்கு நெட்வொர்க் தெரியாது. ஆனால் ஒரு வேலை தெரியாது என்பதற்காக அதைச் செய்யாமல் விட்ட மந்திரி எந்தக் காட்டிலும் இல்லை. செட்டிங்ஸில் நுழைந்து, கண்ணில் பட்டதையெல்லாம் தட்டி, கடைசியில் ஐ.பி. முகவரி என்று போட்டிருந்த இடத்தைக் கண்டுபிடித்தது. 'தானாக' என்று இருந்ததைக் 'கையால்' என்று மாற்றியது. அடியில் ஒரு கட்டம் திறந்தது. நாற்பத்தியேழை அழித்துவிட்டு ஒன்று என்று போட்டது. சேமித்தது.

"ஆச்சு, மகாராஜா."

"இவ்வளவுதானா? அந்த முள்ளம்பன்றி முடியாதுன்னு சொல்லுச்சே."

"சிலருக்கு முடியாதுன்னு சொல்றதுதாங்க வேலை."

கொஞ்ச நேரத்தில் ராஜாவின் போன் சூடாக ஆரம்பித்தது. பாறையில் வைத்தால் பாறையும் சுட்டது.

"என்ன இது, கொதிக்குதே" என்றது ராஜா.

"காடே உங்களைத் தேடி வருதுங்க" என்றது நரி. உண்மையும் அதுதான். முயலின் செய்தி, யானையின் வீடியோ, மயில்கள் தங்களைத் தாங்களே எடுத்துக்கொண்ட படங்கள், எல்லாம் ஒன்றாம் எண்ணைத் தேடி ராஜாவின் போனுக்கு வந்து முட்டி அங்கேயே செத்துக்கொண்டிருந்தன. ராஜாவுக்கு மனம் நிறைந்தது. இத்தனை பேர் தன்னைத் தேடி வருவது அதற்குப் பெருமையாக இருந்தது. வழக்கமாகத் தான்தான் தேடிப் போக வேண்டியிருக்கும்.

காட்டில் நெட் வருவதும் போவதுமாக இருந்தது. சடையனின் வீடியோ நடுவில் நின்றது. மரத்துக்கு மரம் தாவிப் பார்த்தும் நகரவில்லை. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தொட்டியில் தண்ணீர் இறங்க இறங்கத்தான் காட்டுக்கு விஷயம் புரிந்தது. முதலில் பாசி தெரிந்தது. பிறகு அந்தப் பாசியும் காய்ந்து பாளம் பாளமாகப் பிளந்தது. ஈரம் தேடி வந்த தேனீக்கள் சிமெண்ட்டை முகர்ந்துவிட்டுப் போயின.

புள்ளிமான் கோமதி மருத மரத்தடிக்கு வந்தது. அதன் கூடவே குட்டி. குட்டி பிறந்து அதிக நாள் ஆகவில்லை. நின்றால் கால்கள் விரிந்துகொண்டன.

"மரகதக்கா, தொட்டில தண்ணி இல்ல."

"பட்டனைத் தட்டினியா?"

"காலைலேர்ந்து தட்டுறேன். ஒரு வட்டம் வந்து சுத்திக்கிட்டே இருக்கு. இதுவும் அதையே பாத்துக்கிட்டிருக்கு. அதுலேர்ந்து தண்ணி வரும்னு நினைக்குது போல."

குட்டி அப்போதும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஊர்க்குளம்?" என்று கேட்டது மரகதம்.

"ரோட்டைத் தாண்டணும். நாய்ங்க இருக்கு. நானா இருந்தா ஓடிடுவேன். இது ஓடாது." கோமதி குட்டியை ஒரு தடவை நக்கிவிட்டது. "போன கோடையில என் தங்கச்சி அந்தக் குளத்துக்குத்தான் போச்சு."

தங்கச்சி திரும்பி வந்ததா என்று மரகதம் கேட்கவில்லை.

மரகதம் தன் போனில் ரவுட்டர் பக்கத்தைத் திறந்தது. அதுவே பாதி நேரம் திறக்கவில்லை. கடைசியில் திறந்தபோது அங்கே சிவப்பில் ஒரு எச்சரிக்கை இருந்தது. ஒரே முகவரியை இரண்டு பேர் வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது ஆள் யார் என்று தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அது நேராகக் குகைக்குப் போனது. நரி வாசலில் உட்கார்ந்திருந்தது.

"மந்திரி, ராஜா போன்ல நம்பரை மாத்தினது நீங்கதானே? அதைத் திருப்பிப் போடுங்க. மோட்டார் ஓடல. தொட்டி காஞ்சு கிடக்கு."

"திருப்பிப் போடறதா? நாப்பத்தியேழுக்கா?" என்றது நரி. பிறகு குரலை உயர்த்தி உள்ளே கேட்கும்படி சொன்னது. "ராஜா தன்னோட நம்பரை எடுத்துக்கிட்ட பிறகும் அந்த டப்பா விட்டுக்குடுக்காம பிடிச்சு வெச்சிருக்குன்னு சொல்ல வர்றியா?"

ராஜா வெளியே வந்தது. கையில் இருந்த போனில் ஆவி பறந்தது.

"அந்த டப்பாவை வேற நம்பருக்குப் போகச் சொல்லு" என்றது.

"போகச் சொல்லலாங்க, மகாராஜா. இருநூத்தி ஐம்பத்திநாலுக்கு மாத்திடலாம். போனெல்லாம் தானாத் தெரிஞ்சுக்கும். ஆனா மோட்டார்ல வாசல் ஒண்ணுன்னு கையால போட்டு வெச்சிருக்காங்க. அது தானா மாறாது. ரூமைப் பூட்டிச் சாவியை மனுஷங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. ரவுட்டர் எங்கே போனாலும் மோட்டார் ஒண்ணாம் நம்பரைத்தான் தேடும்."

"ஒண்ணாம் நம்பர்னா நான்தானே?"

"ஆமாங்க."

"மோட்டார் என்னைத் தேடும்."

"தேடுங்க. ஆனா தண்ணி வராது."

"நல்ல மோட்டார்" என்றது ராஜா. அதற்குப் பிறகு சொன்ன எதுவும் அதன் காதில் ஏறவில்லை. "நாளைக்குச் சபை. அப்போ நான் ஒண்ணா இருக்கணும். தொட்டியிலயும் தண்ணி இருக்கணும். ரெண்டும் இல்லேன்னா உன் முள்ளு ஒண்ணு கூட உன் உடம்புல இருக்காது."

"ராஜாவுக்குப் பல் குத்த ஒரு வருஷத்துக்கு வரும்" என்றது நரி.

மரகதம் திரும்பி நடந்தது. தப்பு செய்தது நரி. தவிப்பது மான். முள் போகப்போவது தனக்கு. இதை எங்கே போய் முறையிடுவது என்று யோசித்தது. முறையிட வேண்டிய இடத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

மருத மரத்தடியில் கோமதி அப்படியே நின்றிருந்தது. குட்டி படுத்துவிட்டது. வெயில் நகர நகர, கோமதியும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து தன் நிழல் குட்டியின் மேல் விழும்படி பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"நாளைக்குத் தண்ணி வரணும்னு சொன்னாங்க."

"அதானே நாமளும் சொல்றோம்?"

"அதேதான். ஆனா அவங்க சொன்னா அது உத்தரவு" என்றது மரகதம்.

அது மரத்தடியில் உட்கார்ந்து ரவுட்டர் செட்டிங்ஸை ஒவ்வொரு பக்கமாகத் திறந்தது. முதலில் ரீசெட் பொத்தானை அமுக்கிவிடலாமா என்று தோன்றியது. அமுக்கினாலும் ரவுட்டர் ஒன்றாகத்தான் எழுந்திருக்கும். ராஜாவும் ஒன்றாகத்தான் இருக்கும். வைஃபை பாஸ்வேர்டை மாற்றி ராஜாவை வெளியே தள்ளிவிடலாமா என்று பார்த்தது. அப்போது முள்ளோடு தோலும் போகும்.

பிறகு, இதுவரை யாரும் தொடாத ஒரு பக்கத்தில் அதன் கண் நின்றது. கெஸ்ட் நெட்வொர்க் என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்காகத் தனியாக ஒரு வைஃபை. அதில் இருப்பவர்கள் வெளியுலகத்துக்குப் போகலாம், வரலாம். வீட்டுக்குள் இருக்கும் எதையும் தொட முடியாது. ஒருவரையொருவர் பார்க்கவும் முடியாது. அதற்கான எண்களையும் நாமே தனியாக வைத்துக்கொள்ளலாம்.

மரகதம் அந்தப் பக்கத்தை மறுபடி மேலிருந்து படித்தது.

"என்னக்கா?"

"ராஜாவை விருந்தாளியாக்கிடலாம்னு பாக்கறேன்."

அது ஆன் செய்தது. எண்களின் முன்பகுதிக்கு 10.1.1 என்று போட்டது. அங்கே ரவுட்டருக்கு இருநூற்று ஐம்பத்துநாலைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தது. ஒன்றாம் எண்ணை ராஜாவின் போனுக்கென்று ஒதுக்கியது. பெயர் என்ற இடத்தில் 'கெஸ்ட்' என்று இருந்ததை அழித்துவிட்டு 'ராஜாங்கம்' என்று எழுதியது.

குகைக்குப் போனபோது நரி அரைத் தூக்கத்தில் இருந்தது.

"மந்திரி, ராஜாவுக்குத் தனியா ஒரு வைஃபை போட்டிருக்கேன். முயலும் மந்தியும் இருக்கிற இடத்துல ராஜா ஒண்ணா இருந்து என்னங்க பிரயோஜனம்? அதுங்க இருக்கிற வரிசைல முதல்ல நிக்கிறதும் ஒரு நிக்கிறதா?"

இந்த மாதிரி வார்த்தைகள் மரகதத்தின் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. பழுக்காத நெல்லிக்காயைக் கடித்த மாதிரி இருந்தது. ஆனால் நரி முழுதாக எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது, நெல்லிக்காய் தின்றபின் குடிக்கும் தண்ணீர் போலவும் இருந்தது.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றது நரி. "யோசனை யாரோடது?"

"உங்களோடதுங்க."

"எனக்கும் அப்படித்தான் ஞாபகம்."

ராஜாவின் போனில் கையால் போட்டிருந்ததை எடுத்துவிட்டு, ராஜாங்கத்தில் சேர்த்துக் காட்டினார்கள். ராஜா கண்ணருகே வைத்துப் பார்த்தது.

"பத்து, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. இதுல எத்தனை ஒண்ணு இருக்கு?"

"பத்துல இருக்கிறதையும் சேத்து நாலுங்க" என்றது மரகதம்.

"அந்த டப்பாவுக்கு?"

"அதுக்கு இங்க இருநூத்தி ஐம்பத்திநாலுங்க. கடைசி."

ராஜா போனைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தது. சூடு தணிந்துகொண்டிருந்தது. திருப்தியாகப் படுத்துக்கொண்டது.

மரகதம் மூச்சிரைக்கத் தொட்டிக்கு ஓடியது. கோமதி குட்டியை முட்டி முட்டி அங்கே நடத்திக் கூட்டி வந்திருந்தது.

"இப்போ தட்டு."

கோமதி குளம்பால் தட்டியது. வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கோமதியும் மரகதமும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. பிறகு வட்டம் நின்றது. மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. குழாய் இருமியது. காற்றைத் துப்பியது. துரு கலந்த தண்ணீர் கொஞ்சம் வந்து நின்றது. மறுபடி இருமியது. பிறகு ஊற்ற ஆரம்பித்தது.

குட்டி முதலில் பயந்து பின்னால் போய் விழுந்தது. எழுந்து வந்து போனை நக்கியது. கோமதி அதன் தலையைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிட்டது. குட்டி முகம் முழுக்கத் தண்ணீரில் முக்கித் தும்மிவிட்டுக் குடித்தது. கோமதி குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகுதான் தனக்கும் தாகம் என்று ஞாபகம் வந்ததுபோல் குனிந்தது.

மரகதம் ஓரமாக நின்று கொஞ்சம் குடித்தது. சத்தத்தைக் கேட்டு யானை திருமேனி வந்தது. அதன் பின்னால் காடே வந்தது.

மறுநாள் சபையில் நரி எழுந்து நின்றது.

"ராஜா ஒன்றாம் எண்ணில் அமர்ந்தார். அமர்ந்ததும் தண்ணீர் வந்தது. நடுவில் சில தீய சக்திகளால் தடங்கல் ஏற்பட்டது. ராஜாவே தன் கையால் அதை நீக்கினார்" என்று அறிவித்தது. பிறகு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து, "முதல் தண்ணி குடிச்சது யாரு? முன்னாடி வரச் சொல்லுங்க" என்றது.

கோமதி முன்னால் வந்தது. குட்டி அதன் வயிற்றுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு வந்தது.

"தண்ணி யாரால வந்தது? சபைக்குச் சொல்லு."

கோமதி மரகதத்தைப் பார்த்தது. ராஜாவைப் பார்த்தது. கீழே குனிந்து குட்டியைப் பார்த்தது.

"ராஜாவால" என்றது.

எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். மரகதமும் செய்தது. தன் முள் ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை என்பது அதற்குத் தெரியும். ஆனாலும் உள்ளே எங்கோ ஒன்று பிடுங்கப்பட்ட மாதிரி இருந்தது.

சபை கலைந்ததும் கோமதி பின்னாலேயே வந்தது.

"மரகதக்கா, கோவமா?"

"இல்ல."

"உன் பேரைச் சொல்லியிருந்தா, ராஜா இன்னிக்கே வேற ஏதாவது மாத்தச் சொல்லியிருக்கும். மறுபடி தண்ணி நின்னிருக்கும்."

மரகதம் அதை யோசித்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தது. எங்கே தப்பு என்று தேடிப் பார்த்தது. கிடைக்கவில்லை.

"நீ ரவுட்டர் வேலைக்கு வந்திருக்கணும்" என்றது.

இதற்குப் பிறகு நடந்ததை மரகதம் எதிர்பார்க்கவில்லை. ராஜா இருக்கும் ராஜாங்கத்தில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று காடு முழுக்கக் கேட்க ஆரம்பித்தது. நரி ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துப் பேசி, காதில் ஏதோ சொல்லி, பாஸ்வேர்டைக் கொடுத்தது. கொடுத்ததற்குப் பதிலாக என்ன வாங்கியது என்பது அதன் வயிற்றைப் பார்த்தால் தெரிந்தது. யானை போனது. மயில்கள் போயின. முயல் தன் ஏழை விட்டுவிட்டுப் போனது. கடைசியில் கோமதியும் போனது. போகாமல் இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்றது.

இப்படியாக அந்தக் காட்டில் பிறந்து வளர்ந்த பிராணிகள் எல்லாம் அந்தக் காட்டுக்கே விருந்தாளிகள் ஆயின. பழைய வைஃபையில் மிஞ்சியது மரகதமும் மோட்டாரும்தான். இரண்டுக்கும் நடுவே எந்தத் தகராறும் வரவில்லை.

ராஜாங்கத்தில் ஒருவரையொருவர் பார்க்க முடியாது என்பதால் சடையனின் ஆப்பில் யாருடைய எண்ணும் தெரியவில்லை. செட்டிங்ஸைத் திறந்து தன் எண்ணைத் தானே பார்க்கும் பழக்கம் அந்தக் காட்டில் யாருக்கும் கிடையாது. அதனால் ஒவ்வொருவரும் ராஜாவுக்கு அடுத்து, இரண்டாம் எண்ணில் இருப்பது தான்தான் என்று நம்பினார்கள். நரி காதில் சொன்னது அதைத்தான். காட்டில் அதுவரை இல்லாத ஒரு நிம்மதி நிலவியது. தொட்டியும் நிறைந்திருந்தது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ராஜா ஒரு நாள் மரகதத்தைக் கூப்பிட்டனுப்பியது. நரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

ராஜா போனை நீட்டியது. "ரொம்ப நாளா இதைப் பாத்துக்கிட்டே இருக்கேன். முதல் ஒண்ணு நான். சரி. அது பக்கத்துல ஒட்டிக்கிட்டு ஒரு சைபர் நிக்குதே. என்னைத் தொட்டுக்கிட்டு நிக்கிற அளவுக்குத் தைரியம் யாருக்கு வந்தது? அது யாரு?"

பழைய மரகதமாக இருந்தால் உட்கார்ந்து விளக்கியிருக்கும். பத்து என்பது ஒரே எண் என்றும், அதில் ஒன்றையும் சைபரையும் பிரிக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கும். ராஜா அந்தச் சைபரை எடுக்கச் சொல்லியிருக்கும். நரி மறுபடி செட்டிங்ஸில் நுழைந்திருக்கும். தொட்டி மறுபடி காய்ந்திருக்கும்.

மரகதம் நரியை ஒரு தடவை பார்த்தது.

"அது மந்திரிதாங்க, மகாராஜா."

நரியின் காது விறைத்தது. ராஜா புருவத்தைச் சுருக்கியது.

"சைபருக்கு ஒரு மதிப்பும் கிடையாதே?"

"தனியா நின்னா கிடையாதுங்க. உங்க பக்கத்துல நிக்கிறதாலதான் அதுக்கு மதிப்பு. அது நிக்கிறதால நீங்க பத்துங்க."

ராஜா நரியைப் பார்த்தது. நரி ராஜாவைப் பார்த்தது. தன்னைச் சைபர் என்று சொன்னதற்காக நரி வாழ்க்கையில் முதல் தடவையாக நன்றியோடு தலை குனிந்தது.

"இருக்கட்டும்" என்றது ராஜா. "எதையும் மாத்த வேண்டாம்."

மரகதம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தது. இந்தத் தடவை வாயில் நெல்லிக்காய்ப் புளிப்பு எதுவும் தெரியவில்லை.

நீதி: நெட்வொர்க் நிற்காமல் ஓட வேண்டுமானால் செட்டிங்கை மாற்றாதே, பதிலை மாற்று.